எட்டாயிரத்து எண்பதாம் கதவு

ஜூன் 9, திங்கள்

கேபிள் தனவேல் திருடன். நல்ல இன்டர்நெட்டை மேலத்தெருவுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எங்கள் தெருவுக்குத் தள்ளுகிறான். இதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. எங்கள் தெருவின் பதினேழு வீட்டிலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அது போதும்.

ஜோஸ்பின் மேடம் போன் செய்தார். கோயம்புத்தூர் கம்பெனி. கடைகளுக்கு பில் போடும் சாப்ட்வேர் விற்கிறார்கள். கடைக்காரர்கள் கூப்பிட்டால் வீட்டில் இருந்தபடியே சரிசெய்து கொடுக்கும் வேலை. இரண்டு கட்டம் தாண்டிவிட்டேன். கடைசிக் கட்டம் 20-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. என் கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பக்கம் செய்து வைக்க வேண்டும். அவர் அங்கிருந்து என் வீட்டு இன்டர்நெட் முகவரியை அடித்துத் திறந்து பார்ப்பார். திறந்தால் வேலை.

"அவ்வளவுதானா மேடம்?"

"அவ்வளவுதாம்மா. போர்ட் ஃபார்வர்டிங் தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

தெரியாது.

ஜூன் 10, செவ்வாய்

இன்று படித்ததில் புரிந்தது இது: வெளியிலிருந்து வரும் அழைப்பு முதலில் ரவுட்டரிடம் வருகிறது. வீட்டுக்குள் யாருக்கு வந்த அழைப்பு என்று ரவுட்டருக்குத் தெரியாது, அதனால் தூக்கிப் போட்டுவிடும். 'இந்த எண்ணைக் கேட்டு வந்தால் இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பு' என்று ரவுட்டரில் எழுதி வைக்க வேண்டும். அந்த எண்ணுக்குப் பெயர்தான் போர்ட். வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் கதவு இருப்பதாகவும், எல்லாம் சாத்தியிருப்பதாகவும், ஒன்றை மட்டும் நாம் திறந்து வைப்பதாகவும் நினைத்துக்கொண்டேன். நான் எடுத்துக்கொண்டது 8080.

எழுதி வைத்தேன். திறக்கவில்லை.

குடிதண்ணீர் வந்தது. ஐந்து குடம் பிடித்தேன். திரும்ப வந்து பார்த்தேன். அப்போதும் திறக்கவில்லை.

அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டே, "காலையிலேர்ந்து அந்தப் பொட்டியயே மொறச்சிக்கினு இருக்கிறியே, அது எதனா பதில் சொல்லுதா?" என்றார்.

"சொல்லலம்மா."

"அப்ப ஒங்கப்பன் மாதிரிதான்."

ஜூன் 11, புதன்

மூன்று வீடியோ பார்த்தேன். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். ஒருவன் ஃபயர்வாலை அணைக்கச் சொன்னான், அணைத்தேன். ஒருவன் கம்ப்யூட்டருக்கு மாறாத எண் கொடுக்கச் சொன்னான், கொடுத்தேன். இன்னொருவன் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னான். ஆறு தடவை அணைத்துப் போட்டேன். 'உங்கள் மோடத்தில் பாருங்கள்' என்று மூவருமே சொன்னார்கள். மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டிதான் என்று நான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கறுப்புப் பெட்டி. அதற்கு வரும் ஒயர் ஓட்டின் இடுக்கு வழியாக வெளியே போகிறது.

கல்லூரியில் மூன்று வருடம் நெட்வொர்க் படித்தேன். மூன்று வருடமும் லேபில் ஒரு ரவுட்டர் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியே இருந்தது.

ஜூன் 12, வியாழன்

திறந்துவிட்டது!

ரவுட்டரின் பக்கத்தில் 'இன்டர்நெட் முகவரி' என்று ஒரு வரி இருப்பதை இன்றுதான் கவனித்தேன். 192.168.1.14. அதைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு, இரண்டு வீடு தள்ளி இருக்கும் சுகுணா அக்காவிடம் ஓடினேன். அவர் வீட்டுக்காரர் மலேசியாவில் இருக்கிறார், தினமும் மதியம் ஒரு மணிக்கு வீடியோவில் பேசுவார். அதற்காகவே அக்கா நல்ல போன் வைத்திருக்கிறார். அவர் போனில், அவர் வீட்டு வைஃபையில், முகவரியையும் 8080-ஐயும் அடித்தேன். வந்தது.

"என்னாடி எழுதியிருக்க? வணக்கம், இது இலக்கியாவின் பக்கம். அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க்கா."

"இத வந்து வாயாலயே சொல்லியிருந்தா நாலு நாளு மிச்சமாயிருக்குமே."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முகவரியை மேடத்துக்கு அனுப்பிவிட்டேன், எட்டு நாள் முன்னதாகவே.

ஜூன் 13, வெள்ளி

மேடத்துக்குத் திறக்கவில்லை.

"192.168-னு ஆரம்பிச்சா அது உள்முகவரிம்மா. வெளியில யாராலயும் அதுக்கு வர முடியாது. உங்க ரவுட்டருக்கு மேல இன்னொரு பெட்டி இருக்கு, அதுதான் மோடம். வெளியிலேர்ந்து வர்றது அங்கயே நின்னுடுது. அதுலயும் நீங்க திறந்து விடணும். மோடம் எங்க இருக்கு?"

"பார்த்துச் சொல்றேன் மேடம்."

வீடு முழுக்கத் தேடினேன். இரண்டு அறைதான், தேடி முடிக்க இரண்டு நிமிடம். மோடம் இல்லை.

ஆனால் சுகுணா அக்கா வீட்டில் எப்படித் திறந்தது? உள்முகவரி என்றால் வீட்டுக்குள்தானே? அவர் வீடு என் வீட்டுக்குள்ளா இருக்கிறது? திரும்பப் போய்ப் பார்த்தேன், திறந்தது. எதிர் வீட்டில் போய்ப் பார்த்தேன், திறந்தது. தெருக்கோடியில் கடைசி வீட்டில் வைஃபை பாஸ்வேர்டு கேட்டு வாங்கிப் பார்த்தேன், அங்கேயும் திறந்தது. என் போனில் வைஃபையை நிறுத்திவிட்டு சிம் நெட்டில் பார்த்தால் மட்டும் திறக்கவில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிகிறேன். தெருவைத் தாண்டினால் நான் இல்லை.

எதுவும் புரியவில்லை. தலைவலி. சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு சாப்பிட்டேன்.

ஜூன் 14, சனி

ரவுட்டரைக் கழற்றி, கம்ப்யூட்டரோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு மேலத்தெருவில் மோனிஷா வீட்டுக்குப் போனேன். கல்லூரியில் என் வகுப்பு. அவர்கள் வீட்டிலும் தனவேல் கொடுத்த நெட்தான். கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி பச்சை விளக்கோடு இருந்தது. அதுதான் மோடம். அடியிலேயே பாஸ்வேர்டு ஒட்டியிருந்தது. மோனிஷா ஒரு நீள ஒயரை அதில் செருகி வெளியே இழுத்துக் கொடுத்தாள். அவள் அம்மா எனக்கு மோட்டார் கொட்டகைப் பக்கம் ஸ்டூல் போட்டுவிட்டார். உள்ளே மூன்று நாற்காலி காலியாக இருந்தது.

"ஒயரு எட்டுதா?"

"எட்டுது ஆன்ட்டி."

"கலியன் பொண்ணுதானே நீ? எங்க வூட்டு லைனே ஒங்கப்பன் இழுத்ததுதான். நல்லா வேல செய்வான்."

மோடத்தில் 8080, ரவுட்டரில் 8080, இரண்டிலும் எழுதினேன். பதினைந்தே நிமிடம். சிம் நெட்டில் திறந்தது. மோனிஷா கைதட்டினாள்.

தப்பு என்னிடம் இல்லை. ஆறு நாளாக என்னைத்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது தண்ணீர் கேட்டேன். பாட்டிலில் கொடுத்தார்கள். "பாட்டில நீயே எடுத்துக்கினு போயிடும்மா, நெறய கெடக்கு." கொண்டுவந்து எங்கள் தெரு முனைக் குப்பையில் போட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

எங்கள் வீட்டு ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ஓட்டிலிருந்து கம்பத்துக்கு, கம்பத்திலிருந்து சுகுணா அக்கா மாடிக்கு, அங்கே இன்னொரு ஒயரோடு சேர்ந்து அடுத்த கம்பத்துக்கு. தெரு முனையில் எல்லா ஒயரும் ஜடை போல ஒன்றாகி டி.வி. ரூமுக்குள் நுழைகின்றன. டி.வி. ரூம் என்பது பஞ்சாயத்து கட்டிய அறை. நான் பிறப்பதற்கு முன்பே அதிலிருந்த டி.வி. காணாமல் போய்விட்டது. இப்போது கதவில் பூட்டு. அறையின் பின்சுவரிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்றே ஒன்று மேலத்தெருப் பக்கம் போகிறது.

பதினேழு ஒயர் உள்ளே போகிறது. ஒன்று வெளியே வருகிறது.

கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். இருட்டில் பச்சை விளக்கு.

மதியம் அப்பா சாப்பிடும்போது கேட்டேன். அப்பா பதினொரு வருடமாகத் தனவேலிடம் லைன்மேன்.

"டி.வி. ரூம்ல என்னாப்பா இருக்குது?"

"கேபிள் சாமான்."

"மோடமா?"

"ரசம் ஊத்து."

"சாவி யார்கிட்ட?"

"மொதலாளிகிட்ட."

தனவேல் அப்பாவைவிட ஒன்பது வயது சின்னவன். அப்பாவுக்கு அவன் முதலாளி. அவனுக்கு அப்பா 'கலியா'.

மாதா மாதம் வசூலுக்கு வருகிற ஆள் எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போய்விடுவான். அப்பா வேலை செய்யும் இடம், அதனால். எல்லா வேலையிலும் அப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

ஜூன் 16, திங்கள்

தனவேல் ஆபீசுக்குப் போனேன். அப்பா ஒரு மூலையில் உட்கார்ந்து ஒயருக்கு முனை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"சார், எங்க தெரு மோடத்தோட பாஸ்வேர்டு வேணும்."

"எதுக்கு பாப்பா?"

சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். இடையில் எனக்கு டீ கூடச் சொன்னான்.

"அது பதினேழு வூட்டுக்கும் பொதுவுல இருக்கறது. ஒருத்தருக்காகக் கைய வெச்சா எல்லாருக்கும் போயிடும்."

"மேலத்தெருவுல வூட்டுக்கு ஒரு மோடம் இருக்குது சார். எங்க தெருவுக்கு மட்டும் எதுக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணு? எல்லாரும் ஒரே காசுதான குடுக்கிறோம்?"

"ஒங்க தெருவுல தனித்தனியா போட்டா எனக்குக் கட்டுப்படியாவாது. கேட்டதுக்கே பெரிய மனசு பண்ணிக் குடுத்திருக்கன்."

"அப்ப மேல இருக்கிற கம்பெனிக்கு நான் எழுதுவன். கலெக்டருக்கும் எழுதுவன்."

சிரித்தான். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "தாராளமா எழுது. எழுதறதுக்கு முன்ன அந்த லைன் யார் பேர்ல இருக்குன்னு ஒங்கப்பன கேட்டுக்க. ஏன்டா கலியா, சொல்லலியா பொண்ணுகிட்ட?"

அப்பா கையிலிருந்த ஒயரின் எட்டுக் கம்பியையும் ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். டீ வந்தது. குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

அப்பா டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். இன்டர்நெட் பில். பெயர்: கலியன். முகவரி: எங்கள் கதவு எண். வீட்டு உபயோகத்துக்கான இணைப்பு, ஒன்று. பின்பக்கம் பொடி எழுத்தில், இந்த இணைப்பைப் பிறருக்குப் பிரித்து விற்பது குற்றம் என்றும் அதற்கு இணைப்பு பெற்றவரே பொறுப்பு என்றும் போட்டிருக்கிறது.

ஒரு வாரமாக நான் தேடிய மோடம், தாளின்படி, எங்கள் வீட்டில் இருக்கிறது.

தனவேல் பதினாறு வீட்டில் வசூல் செய்கிறான். அந்த வசூலில் ஒரு பைசா அப்பாவுக்கு வருவதில்லை. மாட்டினால் மாட்டுவது அப்பா.

"ஏம்பா கையெழுத்து போட்ட?"

"ஆறு வருசம் ஆவுது. ஆதாரும் கையெழுத்தும் கேட்டாரு. ஒங்க தெருவுக்கு நெட்டு வரணும்னா ஒங்க தெரு ஆள் பேரு வேணும்னாரு. குடுத்தன்."

"என்னா எழுதியிருக்குன்னு படிச்சுப் பாக்க வேணாமா?"

"ஒன்னத்தான் படிச்சுச் சொல்ல சொன்னன். அப்ப நீ பத்தாவது. பரிட்சை இருக்குது போன்ன."

எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை.

ஜூன் 18, புதன்

படுத்தே இருந்தேன். அம்மா ஒரு மூட்டை உடைத்து முடித்தார். நான் ஒரு கொட்டைகூட எடுத்துக் கொடுக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

நாளைக்குச் சோதனை. மோனிஷா வீட்டிலிருந்து காட்டிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் வேலை தினமும் ஒன்பதிலிருந்து ஆறு வரை. ஒரு நாள் ஸ்டூல் போட்டதே பெரிது. தினமும் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து எந்தக் கடைக்காரனுக்கு நான் என்ன சொல்ல முடியும்?

சாயங்காலம் தனவேல் வண்டியில் வந்தான். இறங்கவில்லை. வாசலில் நின்று ஹார்ன் அடித்தான்.

"பாப்பா, ஒனக்கு வேல கெடைக்கறத நான் கெடுப்பனா? ஒனக்கு மட்டும் தொறந்து வுட்டுக்க. ஒங்கப்பனுக்கு வழி தெரியும். ஊர்ல இதப் பத்திப் பேசிக்கினு திரிய வேணாம், அவ்ளோதான்."

நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, முகத்தில் அடித்தாற்போல முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. பேசி முடிப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

ஆறு மணிக்கு அப்பா வந்து கம்ப்யூட்டர் மேல் ஒரு சாவியை வைத்தார். சாவி அப்பாவின் இடுப்புக் கயிற்றிலேயே இருந்திருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது.

ஒன்பதரைக்கு அப்பா டி.வி. ரூமைத் திறந்துவிட்டார். உள்ளே எலிப் புழுக்கை. பழைய டி.வி. வைக்கும் மேடைமேல் மோடம். அதன் பாஸ்வேர்டு அப்பாவின் போன் எண். மோடத்துக்குள் பதினேழு ரவுட்டரும் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றுக்குச் சுகுணா என்று பெயர், ஒன்றுக்கு ஒரு நடிகர் பெயர், ஒன்றுக்கு 'திருடாதே'. என்னுடையது பதினான்கு. 8080 வந்தால் பதினான்குக்கு அனுப்பு என்று எழுதினேன். மோடம் காட்டிய வெளிமுகவரியை மேடத்துக்கு அனுப்பினேன்.

அதே பக்கத்தில், எந்தக் கருவிக்கு முதலிடம் என்று ஒரு கட்டம் இருந்தது. வேகம் முதலில் அதற்கு, மீதிதான் மற்றவர்களுக்கு. பதினான்கில் டிக் போட்டேன். சோதனை நடுவில் நின்றுவிடக் கூடாது. இன்றைக்கு மட்டும்.

பதினொன்று நான்கிற்கு மேடம், "திறந்துடுச்சும்மா, சூப்பர்" என்றார்.

அம்மா கை கழுவாமலே ஓடி வந்து என் கன்னத்தைத் தொடப் போனார். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். பாதியில் கையை இழுத்துக்கொண்டு, முழங்கையால் என் தலையை இடித்தார்.

ஜூன் 21, சனி

திங்கள் முதல் வேலை. குடும்பத்தில் யாராவது ஒருவர் பெயரில் இன்டர்நெட் பில் நகல் வேண்டும் என்று மேடம் கேட்டார். அனுப்பினேன். அப்பா பெயர்தான் இருக்கிறது, எங்கள் முகவரிதான் இருக்கிறது. பொய் ஒன்றும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

பதினொரு கடை. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கடைக்காரர், "தங்கச்சி, நீ தெய்வம்" என்றார். என்னை யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

மதியம் சுகுணா அக்கா வந்தார். "நேத்தும் இன்னிக்கும் அவரு மூஞ்சே தெரியலடி. வாய் மட்டும் அசையுது, அப்புறம் அதுவும் நின்னுடுது. ஒனக்கு நல்லா வருதா?"

"எல்லா எடத்துலயும் ஸ்லோதாங்க்கா" என்றேன்.

அந்த டிக்கை எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடலாம்.

ஜூன் 26, வியாழன்

கடைத்தெருவில் தனவேல் எதிரே வந்தான். கையைத் தூக்கி, தெரிந்தவர்களுக்குச் சிரிப்பதுபோலச் சிரித்தான். என் கையும் உயர்ந்தது. எதற்கு?

ஜூன் 28, சனி

சுகுணா அக்கா ஒரு வெள்ளைத்தாளோடு வந்தார். தாளின் கீழ்ப் பாதி முழுக்கக் கையெழுத்து. எங்கள் தெருவில் மனு எழுதுவது இப்படித்தான். முதலில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பிறகு, படித்தவர் யாரையாவது பிடித்து மேலே எழுதச் சொல்வார்கள். என்ன எழுதப்போகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் போடுவேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தெரு ஆள்தானே எழுதுகிறது.

"திங்கக்கெழம மனு நாளு. கலெக்டர் ஆபீசுக்குப் போறோம், நானு, இன்னும் ரெண்டு பேரு. காசு வாங்கிக்கினு ஏமாத்தறான் அந்த ஆளு. நீதான தனவேல் ஆபீசுக்கே போயிச் சண்ட போட்டியாமே, ஊரே பேசுது. நீ எழுதுனாதான் காரமா இருக்கும்."

"அக்கா, எனக்கு ஷிப்டு..."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமதான? லைன் யார் பேர்ல இருக்கு, பதினேழு வூட்டுக்கு யாரு குடுத்தது, எல்லாத்தையும் கேட்டு எழுது. பேரு தெரிஞ்சா புடிச்சு உள்ள போடச் சொல்லு."

அவர் போன பிறகு கையெழுத்துகளை எண்ணினேன். பதினேழு வீடு. எங்கள் வீடும் இருந்தது. மூன்றாவது வரியில் அம்மாவின் கைநாட்டு.

"என்னான்னு தெரிஞ்சாம்மா வெச்ச?"

"நெட்டு நல்லா வரணும்னு சொன்னா. நல்லதுதான?"

அப்பா வீட்டில்தான் இருந்தார். ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இன்று அவருக்கு வேலை இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

டி.வி. ரூமுக்குப் போகவில்லை. துணி நிறைய இருந்தது. துவைத்தேன்.

தாளில் 'பெறுநர்' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. வேலையை விட்டுவிட்டு உண்மையை எழுதலாம், அப்பாவைப் பிடிப்பார்கள். அப்பா பெயரை விட்டுவிட்டு எழுதலாம், கலெக்டர் ஆபீசில் முதல் கேள்வியே பெயர்தான். எழுதாமலே இருக்கலாம். மூன்றில் எது தனவேலுக்குச் சாதகம் என்று யோசித்தேன். மூன்றுமே. இதை யார் இப்படிக் கட்டிவைத்தது என்று புரியவே இல்லை.

ஜூன் 30, திங்கள்

மணி எட்டேகால். ஒன்பதுக்கு எனக்கு வேலை தொடங்குகிறது. ஹெட்போனை எடுத்து வைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மனுத் தாளில் இன்னும் 'பெறுநர்' மட்டும்தான் இருக்கிறது. சுகுணா அக்காவும் மற்ற இரண்டு பேரும் வாசலில் நிற்கிறார்கள். அக்கா கல்யாணப் புடவை கட்டியிருக்கிறார். அம்மா அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா ஆறு மணிக்கே போய்விட்டார்.

"எலக்கியா, எட்டரை பஸ்சு வந்துடும்டி. தாள எடு. என்னா எழுதியிருக்கன்னு சத்தமா ஒரு தடவ படிச்சுக் காட்டு, கேட்டுக்கினு போறோம்."